ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை எழுதிய பேரேடு: பேஸ்பால் சாதனைகளின் விநோதக் கணக்குகள்

1985 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானம். சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேனேஜர் பீட் ரோஸ். அவரே அந்த அணியின் ஆட்டக்காரரும்கூட. வயது 44. அன்றைக்கு அவர் பேட் பிடிப்பதாகவே இல்லை. சிகாகோ அணிக்குப் பந்து வீச வரவேண்டியவர் ஸ்டீவ் ட்ரவுட் என்ற இடக்கைக்காரர். இடக்கைக்காரர் வீசும் நாளில் ரோஸ் தன்னை உட்காரவைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் ட்ரவுட் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டுக்கொண்டார். பதிலுக்கு வந்தவர் ரெஜி பேட்டர்சன், வலக்கைக்காரர். ரோஸ் ஆட்டப் பட்டியலில் தன் பெயரை எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார்.

முதல் இன்னிங்ஸிலேயே ஒரு ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸுக்கு, ஓடிச் சேரவேண்டிய இடத்துக்கு, போய்விட்டார். அது அவருடைய வாழ்நாளின் 4190-வது. பிறகு இன்னொன்று, 4191-வது. 1928-ல் ஓய்வுபெற்ற டை காப் விட்டுச்சென்ற சாதனை எண் 4191. ரோஸ் அதைத் தொட்டுவிட்டார் என்று நாடே பேசியது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 11-ல், சொந்த ஊரான சின்சினாட்டியில் 4192-வது ஹிட்டை அடித்தார். வாணவேடிக்கை வெடித்தது, கூட்டம் பல நிமிடங்கள் கைதட்டி ஓயவில்லை, முதல் பேஸில் நின்றபடி ரோஸ் அழுதார்.

டை காப் உண்மையில் அடித்தது 4191 இல்லை, 4189. அப்படியானால் சாதனை உடைந்தது சிகாகோவில், அந்த ஞாயிற்றுக்கிழமையின் முதல் ஹிட்டில். சைக்கிளிலிருந்து ஒருவர் விழுந்ததால் வாய்த்த ஹிட் அது. அங்கே வாணவேடிக்கை ஏதும் இல்லை.

இரண்டு ஹிட் எங்கே போயின? 1910-க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு சால்மர்ஸ் என்ற கார் கம்பெனி ஒரு பரிசு அறிவித்தது: அதிக பேட்டிங் சராசரி உள்ளவருக்கு ஒரு கார். கிரிக்கெட்டில் ரன்னை அவுட்டால் வகுப்பது சராசரி. பேஸ்பாலில் ஹிட்டை வாய்ப்பால் வகுக்கிறார்கள். பத்து தடவை பேட் பிடித்து மூன்று தடவை பந்தை அடித்துப் பத்திரமாக பேஸைச் சேர்ந்தால் 0.300, அதுவே நல்ல ஆட்டக்காரரின் அடையாளம். 1910-ல் போட்டி டெட்ராய்ட்டின் காப்புக்கும் கிளீவ்லாந்தின் நாப் லாஜோய்க்கும். காப்பை அவருடைய அணிக்காரர்களுக்கே பிடிக்காது. லாஜோயை எல்லோருக்கும் பிடிக்கும். முன்னிலை போதும் என்று நினைத்து காப் கடைசி இரண்டு ஆட்டங்களில் இறங்கவில்லை.

அக்டோபர் 9, செயின்ட் லூயிஸ். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். எதிரணி மேனேஜர் ஜாக் ஓ'கானர், தன் மூன்றாம் பேஸ்காரர் ரெட் காரிடனைப் பின்னால் வெகுதூரம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். காரிடன் அனுபவமில்லாத புதுப் பையன், சொன்னதைச் செய்தார். லாஜோய் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். எடுக்க ஆளில்லை. மறுபடியும் தட்டினார், மறுபடியும் ஓடினார். அன்று அவர் பெயரில் எட்டு ஹிட் ஏறியது, அதில் ஏழு இப்படித் தட்டி ஓடியவை. அதுவும் போதாதென்று, இன்னொரு பந்தையும் ஹிட் என்று எழுதினால் புது சூட் வாங்கித் தருகிறேன் என்று ஸ்கோரருக்குச் சீட்டு போனது. ஸ்கோரர் மறுத்துவிட்டார். ஓ'கானர் வேலையை இழந்தார்.

லீக் தலைவர் பான் ஜான்சன் கணக்கைப் பார்த்து அறிவித்தார்: காப் 0.3851, லாஜோய் 0.3841. கார் கம்பெனி பெருந்தன்மையாக இருவருக்குமே கார் கொடுத்தது. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் எழுபது ஆண்டுகள் எல்லோரும் நினைத்தார்கள்.

1981-ல் பழைய பேரேட்டை வரிவரியாகச் சரிபார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். காப் மூன்று வாய்ப்பில் இரண்டு ஹிட் அடித்த ஓர் ஆட்டம் அவர் பெயரில் இரண்டு தடவை ஏறியிருந்தது. அறிவிக்கப்பட்ட கணக்கு 509 வாய்ப்பில் 196 ஹிட். உபரி வரியைக் கழித்தால் 506-ல் 194, அதாவது 0.3834. லாஜோய் 591-ல் 227, அதாவது 0.3841. கார் போட்டியில் வென்றது லாஜோய். பேஸ்பாலின் அன்றைய தலைமை நிர்வாகியான கமிஷனர் போவி கூன் எதையும் மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் சில பட்டியல்களில் காப்பின் எண் 4191, சிலவற்றில் 4189.

இந்தக் கதையை நான் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பேஸ்பால் விநோதங்கள் என்று சொல்லி எண்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் பேனா பிடித்த ஒரு கை இருக்கிறது. எதை எண்ணவேண்டும், எதை எண்ணவேண்டாம் என்று யாரோ எடுத்த முடிவு இருக்கிறது. விநோதத்தில் பாதி மைதானத்தில் நடக்கிறது, மீதி பேரேட்டில் நடக்கிறது.

அந்தப் பேனாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் உறவு உண்டு. பேஸ்பாலுக்குக் கணக்கு எழுதும் முறையை உருவாக்கியவர் ஹென்றி சாட்விக். 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், பத்திரிகைக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் பழக்கத்தில்தான் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் 'பாக்ஸ் ஸ்கோர்' முறையை அவர் செம்மைப்படுத்தினார். ஃபீல்டர் தவறவிட்ட பந்தில் பேட்டர் ஓடிச் சேர்ந்தால் அது ஹிட் ஆகாது, 'எரர்' என்று எழுதவேண்டும் என்ற பார்வையும் அந்தக் காலத்தில் வேர்விட்டதுதான். ஹிட்டா எரரா என்பதை மாடத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் தன் கண்ணால் தீர்மானிக்கிறார். சூட் வாங்கித் தருகிறேன் என்று சீட்டு போனது அந்த அதிகாரத்துக்காகத்தான்.

விதியும் அடிக்கடி மாறியது. 1887-ல் மட்டும், பந்து வீசும் பிட்சர் ஐந்து பந்தை வெளியே வீசியதால் சும்மா நடந்து பேஸுக்குப் போனதையும் ஹிட் என்று எண்ணினார்கள். அந்த ஆண்டு டிப் ஓ'நீலின் சராசரி 0.492 என்று ஏறியது. பிற்பாடு அந்த நடைகளைக் கழித்தபோது 0.435 ஆனது. ஆடியவர் ஒருவர், ஆட்டமும் ஒன்று, எண் மட்டும் இரண்டு.

விதி மாறியதால் மிகப் பெரிய இழப்பு நேர்ந்தது ஹார்வி ஹாடிக்ஸுக்கு என்பேன். 1959 மே 26, மில்வாக்கி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹாடிக்ஸ் சளியும் காய்ச்சலுமாக வந்து பந்து வீசினார். ஒன்பது இன்னிங்ஸில் 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். ஹிட் இல்லை, நடை இல்லை, எரர் இல்லை. இதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் கேம். பேஸ்பாலின் நீண்ட வரலாற்றில் 24 தடவைதான் நடந்திருக்கிறது. ஆனால் எதிரே வீசிய லூ பர்டெட் பன்னிரண்டு ஹிட் கொடுத்தும் ஒரு ரன்கூட விடவில்லை. 0-0. ஆட்டம் நீண்டது. பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது இன்னிங்ஸ். ஹாடிக்ஸ் எதிரில் 36 பேர் வந்து 36 பேரும் திரும்பினார்கள். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் யாரும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

பதின்மூன்றாவது இன்னிங்ஸில் ஹாடிக்ஸ் அணியின் மூன்றாம் பேஸ்காரர் டான் ஹோக் தவறாக எறிந்தார். ஃபீலிக்ஸ் மான்டியா முதல் பேஸைச் சேர்ந்தார். எடி மாத்யூஸ் பந்தைத் தட்டித் தன்னைப் பலிகொடுத்து அவரை இரண்டாவதுக்கு நகர்த்தினார். அடுத்து ஹாங்க் ஆரன். அவருக்கு வீசுவது ஆபத்து என்று வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். பிறகு ஜோ அட்காக் அடித்த பந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. அது ஹோம் ரன், அடித்தவரும் பேஸில் நிற்பவர்களும் சுற்றி வந்து ரன் எடுக்கலாம். மான்டியா ஓடி வந்து ரன் எடுத்தார். ஆரனோ பந்து உள்ளேதான் விழுந்தது, ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டு நடையைக் கட்டினார். பின்னால் ஓடி வந்த அட்காக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னால் ஓடுபவரைத் தாண்டினால் அவுட். ஹோம் ரன் வெறும் இரண்டு பேஸ் ஹிட்டாகச் சுருங்கியது. 3-0 ஆகியிருக்கவேண்டிய ஆட்டம் 1-0 என்று முடிந்தது. தோற்றவர் ஹாடிக்ஸ்.

தோல்வியோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. 1991-ல் கமிஷனர் ஃபே வின்சென்ட் தலைமையில் கூடிய புள்ளிவிவரக் குழு, ஹிட் கொடுக்காமல் ஆட்டத்தை முழுதாக முடித்தால்தான் 'நோ-ஹிட்டர்' என்று வரையறுத்தது. சுமார் 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து வெளியேறின. ஹாடிக்ஸின் பன்னிரண்டு இன்னிங்ஸும் அதில் அடித்துக்கொண்டு போயிற்று. விதிக்குத் தர்க்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் 27 பேரை வீழ்த்தினால் பொன்னெழுத்து, 36 பேரை வீழ்த்தினால் அடிக்குறிப்பு என்பதை என் மனம் ஏற்கவில்லை. அதே குழு ஒரு நல்ல காரியமும் செய்தது. 1961-ல் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் 60-ஐத் தாண்டியபோது, ரூத் காலத்தில் 154 ஆட்டம், இப்போது 162 என்று சொல்லி இரண்டையும் தனித்தனியாக எழுதிவைத்திருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தக் கோட்டை அழித்தது இந்தக் குழுதான். மாரிஸ் 1985-லேயே காலமாகிவிட்டார்.

இனி பேரேட்டை விட்டு மைதானத்துக்கு வருவோம். 1941. அந்த ஒரே கோடையில் நடந்த இரண்டு சாதனைகளை அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு பெரிய லீக்குகளில் இன்றுவரை யாரும் எட்டவில்லை.

நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ மே 15 முதல் ஜூலை 16 வரை தொடர்ந்து 56 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஒரு ஹிட்டாவது அடித்தார். இது எவ்வளவு அரிது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.350 சராசரி உள்ள ஒருவர் ஆட்டத்துக்கு நான்கு தடவை பேட் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் தவறும் வாய்ப்பு 0.65-ஐ நான்கு தடவை பெருக்கினால் வரும்: சுமார் 18 சதவீதம். ஆக, ஒரு ஹிட்டாவது கிடைக்கும் வாய்ப்பு 82 சதவீதம். பெரிய எண்தான். அதை 56 தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 60,000-ல் ஒன்று. சராசரி 0.300 ஆனால் சுமார் 48 லட்சத்தில் ஒன்று. ஒரு வாழ்நாளில் இப்படித் தொடங்கப் பல சந்தர்ப்பங்கள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அப்படிச் சேர்த்தாலும் எண் சிறியதுதான். 1941-க்குப் பிறகு மிக அருகில் வந்தவர் நாம் தொடக்கத்தில் பார்த்த பீட் ரோஸ், 1978-ல். அவர் 44-ல் நின்றுவிட்டார்.

முழுக்க அதிர்ஷ்டமா? டிமாஜியோ 1933-ல், பெரிய லீக்குக்கு வருமுன், சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணிக்காக 61 ஆட்டங்கள் இதே போலத் தொடர்ந்து அடித்தவர். மின்னல் ஒரே மரத்தில் இரண்டு தடவை விழுந்தால், அந்த மரத்தின் உயரத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஜூலை 17, கிளீவ்லாந்து. 67,000-க்கும் மேல் கூட்டம். டிமாஜியோ மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி இரண்டு தடவை பந்தைப் பாய்ச்சினார். இரண்டு தடவையும் கென் கெல்ட்னர் எட்டிப் பிடித்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து அவுட்டாக்கினார். கடைசி வாய்ப்பில் பந்து தரையில் கோணலாக எம்பியது, லூ புட்ரோவின் கையில் போய் உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து டிமாஜியோ இன்னொரு 16 ஆட்டங்கள் தொடர்ந்து அடித்தார்.

அதே கோடையில் பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் 0.406. கடைசி நாள் காலையில் அவர் கணக்கு 448 வாய்ப்பில் 179 ஹிட், அதாவது 0.39955. சுருக்கி எழுதினால் 0.400. ஆடாமல் உட்கார்ந்தாலே போதும். மேனேஜர் ஜோ க்ரோனின் அப்படியே கேட்டும் பார்த்தார். காப் 1910-ல் செய்தது அதுதான். வில்லியம்ஸ் மறுத்துவிட்டு பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டத்திலும் இறங்கி எட்டு வாய்ப்பில் ஆறு ஹிட் அடித்தார். இதில் பேரேட்டின் கை மறுபடியும் தெரிகிறது: தூக்கி அடித்து அவுட்டாகி, அதில் சக ஆட்டக்காரரை ரன் எடுக்கவைத்தால், இன்றைய விதிப்படி அது வாய்ப்பாக எண்ணப்படாது. 1941-ல் எண்ணினார்கள். இன்றைய விதியில் அவர் எண் இன்னும் மேலே இருந்திருக்கும்.

அதற்குப் பின் அந்த இரண்டு லீக்குகளில் ஏன் ஒருவரும் 0.400 தொடவில்லை? பழையவர்கள் வீரர்கள், இப்போதிருப்பவர்கள் சோடை என்பது காதுக்கு இனிமையான விளக்கம். விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்ட் தலைகீழாகச் சொன்னார்: எல்லோரும் தேறிவிட்டார்கள். பிட்சர், ஃபீல்டர், பேட்டர் என்று ஒட்டுமொத்த ஆட்டமும் உயர உயர, நடுத்தரத்துக்கும் சிகரத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது. 1920-ல் பேப் ரூத் ஒற்றை ஆளாக அடித்த 54 ஹோம் ரன், அந்த லீக்கில் அவர் அணியைத் தவிர வேறு எந்த முழு அணி அடித்ததையும்விட அதிகம். அப்படி ஒருவர் தனித்து நிற்க, சுற்றிலும் தரை தாழ்ந்திருக்கவேண்டும். எனக்கு இந்த விளக்கம்தான் சரி என்று படுகிறது.

அரிய நிகழ்ச்சிகள் கொத்துக் கொத்தாக வருவது இன்னொரு புதிர். ஒரே ஃபீல்டர், யார் உதவியும் இல்லாமல், ஒரே பந்தில் மூன்று பேரை அவுட்டாக்குவது பெர்ஃபெக்ட் கேமைவிட அரிது. மொத்தம் 15 தடவைதான். முதல் இரண்டு பேஸிலும் ஆட்கள் பந்துக்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கவேண்டும், பந்து நேராக ஃபீல்டர் கைக்கு வரவேண்டும். பிடித்தால் ஒன்று, பேஸை மிதித்தால் இரண்டு, திரும்ப வழியில்லாமல் நிற்பவரைத் தொட்டால் மூன்று. 1927 மே 30-ல் சிகாகோவின் ஜிம்மி கூனி இதைச் செய்தார். மறுநாளே, மே 31-ல், டெட்ராய்ட்டின் ஜானி நியூன் செய்தார். அடுத்தது எப்போது? 1968-ல். 41 ஆண்டு. கூனியின் கதையில் இன்னொரு சுருக்கு: 1925-ல் க்ளென் ரைட் இதே வித்தையைச் செய்தபோது இரண்டாம் பேஸில் சிக்கி அவுட்டானவர்களில் ஒருவர் இந்தக் கூனிதான்.

சமமாக இடைவெளி விட்டு வருவதைத்தான் நாம் தற்செயல் என்று நினைக்கிறோம். தற்செயலின் நடை அப்படியல்ல. தரையில் அரிசியை வீசிப் பாருங்கள். ஓரிடத்தில் குவியும், ஓரிடம் வெறிச்சென்று கிடக்கும். ஸ்டான் மியூசியல் அடித்த 3630 ஹிட்டில் சொந்த மைதானத்தில் 1815, வெளியூரில் 1815 என்று சரிபாதியாக அமைந்ததும், க்ரிஸ் டேவிஸ் 2015 முதல் 2018 வரை நான்கு சீசனிலும் 0.247 என்றே முடித்ததும் இந்த வகைதான். இத்தனை ஆயிரம் பேர் இத்தனை ஆண்டு ஆடினால் இப்படிச் சில வரத்தான் செய்யும். ஆனாலும் பார்க்கும்போது சிலிர்க்கிறது.

கணக்கே நம்மைக் குழப்பும் இடமும் உண்டு. 1995-ல் டெரக் ஜீட்டர் 48-ல் 12, அதாவது 0.250, டேவிட் ஜஸ்டிஸ் 411-ல் 104, அதாவது 0.253. ஜஸ்டிஸ் முன்னால். 1996-ல் ஜீட்டர் 582-ல் 183, 0.314, ஜஸ்டிஸ் 140-ல் 45, 0.321. மறுபடியும் ஜஸ்டிஸ். இரண்டு ஆண்டையும் கூட்டுங்கள். ஜீட்டர் 630-ல் 195, 0.310. ஜஸ்டிஸ் 551-ல் 149, 0.270. இப்போது ஜீட்டர் வெகுதூரம் முன்னால். தவறு எங்கும் இல்லை. ஜீட்டர் தன் நல்ல ஆண்டில் நிறைய ஆடினார், ஜஸ்டிஸ் தன் நல்ல ஆண்டில் கொஞ்சமே ஆடினார். சராசரியின் எடை அங்கே மாறிவிட்டது. பள்ளிக்கூடத் தேர்ச்சி விகிதம், மருத்துவமனைக் கணக்கு என்று யாராவது சதவீதத்தை நீட்டும்போதெல்லாம் எனக்கு இந்த இருவர் ஞாபகம் வரும்.

ஆண்டின் இறுதிக் கோப்பைக்கான 1960 உலகத் தொடரும் இப்படித்தான். ஏழு ஆட்டத்தில் யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பிட்ஸ்பர்க் எடுத்தது 27. கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு. யாங்கீஸ் வென்றபோது 16-3, 10-0, 12-0 என்று நொறுக்கினார்கள். தோற்றபோது கொஞ்ச ரன் வித்தியாசத்தில்தான் தோற்றார்கள். கடைசி ஆட்டத்தை பில் மசராஸ்கி ஒன்பதாவது இன்னிங்ஸின் ஹோம் ரன்னால் 10-9 என்று முடித்தார்.

பேரேட்டில் தவறாக ஏறிய வரிகளைப் பேசினோம். ஏறவே விடாத வரிகளும் உண்டு. 1947 ஏப்ரல் 15-ல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை, அந்த நூற்றாண்டில் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் தங்களுக்கென்று லீக்குகள் நடத்தினார்கள். ஜாஷ் கிப்சன் அங்கே ஆடிய கேட்சர், பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர். ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில், இறந்துபோனார்.

2020 டிசம்பரில், 1920-க்கும் 1948-க்கும் இடைப்பட்ட ஏழு கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பழைய செய்தித்தாள்களிலிருந்தும் ஸ்கோர் தாள்களிலிருந்தும் ஆய்வாளர்கள் திரட்டியவற்றை, ஜான் தார்ன் தலைமையிலான குழு சரிபார்த்து 2024 மே மாத இறுதியில் பேரேட்டில் சேர்த்தது. வாழ்நாள் சராசரியில் காப்பின் 0.367 இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முதலிடம் கிப்சனுக்கு, 0.372. 1943-ல் அவருடைய 0.466, ஒரு சீசனின் மிக உயர்ந்த சராசரி ஆனது. அந்த லீக்குகளின் சீசன் குறுகியது, அறுபது எழுபது ஆட்டம்தான், அதை 154 ஆட்டத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் குறைவாக ஆடியது கிப்சனின் விருப்பமில்லை.

அந்தத் திருத்தத்தில் வில்லி மேஸின் எண்ணும் நகர்ந்தது. 1948-ல் பதினேழு வயதுப் பையனாக பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்கு அவர் அடித்த பத்து ஹிட் சேர்ந்து, 3283 என்பது 3293 ஆனது. அவர் ஓய்வுபெற்று ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டிருந்தது. ஜூன் 18-ல், 93 வயதில், மேஸ் காலமானார். அதற்கு இரண்டு நாள் கழித்து, அந்த அணியின் பழைய மைதானமான பர்மிங்ஹாம் ரிக்வுட் ஃபீல்டில், அவர் பிற்பாடு புகழ்பெற்ற ஜயன்ட்ஸ் அணி ஒரு பெரிய லீக் ஆட்டம் ஆடியது.